இடுப்பு: நார்மல்

பூந்தமல்லி
12.01.2025

அன்புள்ள அக்கா ஃபஸீலாவுக்கு,

ரூஹியின் ஸலாம். இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொண்டதா?

வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசும்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் ஜாகிர் கையில் இருந்தது, பக்கத்தில் மாமி, பின்னால் டிவி. நீ எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டாய், நாங்கள் வரிசையாகத் தலையாட்டினோம். நீ நர்சிங் ஹாஸ்டலில் இருந்த நாளிலிருந்து நமக்குள் உள்ளதைக் காகிதத்தில் எழுதியே பழகிவிட்டோம். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வயது முடிந்தும் ஜமீலா சாய்ந்து சாய்ந்து நடப்பதை நீயும் பார்த்திருப்பாய். வாத்து மாதிரி நடக்கிறாள் என்று நாங்கள் சிரித்தோம். திருமழிசை கம்பெனியிலிருந்து வந்ததும் ஜாகிர் மகளின் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டுவார், அவளும் கைதட்டுவாள். போன மாதம் பால்வாடி டீச்சர் ஹேமாவதி அவளைப் பாயில் படுக்க வைத்து இரண்டு முட்டியையும் மடக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ரூஹி, கொயந்த காலைப் பாரு. ஒரு முட்டி மேல கீது, ஒன்னு கீய கீது. சும்மா உடாத, எயும்பூருக்கு இட்டுகினு போ" என்றார்.

போனோம். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம், தொடையெலும்பின் தலையில் ஒரு பந்து. வலது பக்கம் பந்து கிண்ணத்துக்குள் இருக்கிறது. இடது பக்கம் பந்து கிண்ணத்தை விட்டு மேலே ஏறி நிற்கிறது, கிண்ணமும் குழியே இல்லாமல் சப்பையாக இருக்கிறது. ஆபரேஷன் செய்துதான் உள்ளே வைக்க வேண்டுமாம்.

பிறந்தபோது யாரும் இடுப்பைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். ஆவடி நர்சிங் ஹோமில்தான் பிறந்தாள், என் அக்கா அங்கேயே நர்ஸ், குழந்தையை முதலில் கையில் வாங்கியதே அவள்தான், எல்லாம் பார்த்தாள் என்று சொன்னேன். அப்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் கேட்டார். குழந்தையைத் துணியில் சுற்றுவீர்களா, எப்படிச் சுற்றினீர்கள் என்று. கால் நேராக வளரட்டும் என்று நான் மூன்று மாதம் இரண்டு காலையும் சேர்த்து நீட்டி இறுக்கிச் சுற்றினேன் அல்லவா, அதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

அக்கா, நீ பார்த்தபோது அவள் இடுப்பு சரியாகத்தானே இருந்தது? இதை மட்டும் எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அல்லாஹ் உன்னைக் காப்பானாக.

ரூஹி

---

நிஸ்வா, ஓமன்
02.02.2025

அன்புத் தங்கை ரூஹிக்கு,

அக்காவின் ஸலாமும் துஆவும். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வார்டில் ஆள் இல்லாததால் பதில் தாமதம். முதுகுவலி இருக்கிறது, பெரிதாக இல்லை. மாமிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எழுது.

நீ எழுதியதற்கு டி.டி.எச். என்று பெயர். பெண் குழந்தைகளுக்கு, அதிலும் தலைச்சன் குழந்தைக்கு, அதிகமாக வரும். உலகத்தில் எத்தனையோ குழந்தைகளுக்கு இருக்கிறது. இரண்டரை வயதுக்குள் ஆபரேஷன் செய்தால் நன்றாக நடக்கிறார்கள். பந்தை உள்ளே வைத்து, அது மறுபடி நழுவாதபடி இடுப்பெலும்பை வெட்டிக் கொஞ்சம் சாய்த்து மேலே கூரை மாதிரி அமைப்பார்கள். பிறகு நெஞ்சுக்குக் கீழிருந்து கால் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டு பெரிதாக இருக்கும், பார்த்துப் பயப்படாதே. தள்ளிப் போடாதீர்கள்.

துணி சுற்றியதால் மட்டும் இது வராது. அதை நினைத்து நீ சாப்பிடாமல் இருக்காதே.

கட்டுக்குள் வைக்கச் சின்ன டயப்பரும் மேலே போடப் பெரிய டயப்பரும் வேண்டியிருக்கும். இங்கிருந்து அனுப்புகிறேன். ஜாகிர் தம்பிக்கும் மாமிக்கும் என் ஸலாம் சொல். குட்டிக்கு முத்தம்.

ஃபஸீலா

---

பூந்தமல்லி
20.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. மாமிக்குச் சர்க்கரை இருநூறுக்குக் கீழே வந்திருக்கிறது. உன் வார்டில் இப்போதாவது ஆள் போட்டார்களா?

ஆபரேஷன் ஏப்ரல் பதினைந்து என்று சொல்லிவிட்டார்கள். நோன்பும் பெருநாளும் முடிந்துவிடும்.

நான் கேட்டதை மட்டும் நீ எழுதவில்லை. பரவாயில்லை, பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. பீரோவின் அடித்தட்டில் துணிகளுக்குக் கீழே டிஸ்சார்ஜ் தாள் இருந்தது. எடை இரண்டு கிலோ எண்ணூறு, கண் சரி, இருதயம் சரி என்று வரிசையாக எழுதி, இடுப்பு என்ற இடத்தில் நார்மல் என்று டிக் போட்டிருக்கிறது. உன் கையெழுத்து. அந்த டிக்கின் வாலை நீ எப்போதும் மேலே இழுத்துவிடுவாயே, அதே மாதிரி. கீழே மணவாளன் டாக்டரின் கையெழுத்து.

எழும்பூரில் டாக்டரம்மா அதைப் பார்த்தார். பிறக்கும்போது சரியாக இருந்திருந்தால் பின்னால் நழுவியிருக்க வேண்டும், கால்களை நீட்டிச் சுற்றினால் அப்படி ஆவதுண்டு என்றார். முதல் ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்திருந்தால் தோளிலிருந்து கால் வரைக்கும் ஒரு துணிப்பட்டையைப் போட்டே சரி செய்திருக்கலாம், கத்தியே தேவைப்பட்டிருக்காது என்றும் சொன்னார். என்னைக் குத்திக் காட்ட அவர் சொல்லவில்லை. தன்மையாகத்தான் பேசினார்.

ஜாகிர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வீட்டுக்கு வந்து அவர் அம்மாவிடம் சொன்னார். மாமி என்னைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த வாரம் தெருவில் நாலு வீடு எனக்கு முன்னாலேயே விஷயத்தைத் தெரிந்து வைத்திருந்தது. ஜமீலாவைக் கொஞ்சுகிற ஒவ்வொருவரும் முடிவில் என்னைப் பார்க்கிறார்கள்.

நீ ஒரு பத்து நாள் லீவு போட்டு வர முடியுமா? அம்மாவும் அத்தாவும் இருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரூஹி

---

நிஸ்வா
09.03.2025

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே வார்டிலேயே பேரீச்சம்பழமும் மோரும் வைத்துத் திறக்கிறோம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

லீவு கிடைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

டயப்பர் இரண்டு பெட்டி, கட்டின் ஓரம் தோலில் உராயாமல் ஒட்டும் டேப், சின்ன டார்ச் ஒன்று அனுப்பியிருக்கிறேன். டார்ச் அடித்துத் தினமும் கட்டின் உள்விளிம்பில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வை. கால் விரல் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. அரிக்கிறது என்று கட்டுக்குள் குச்சி எதையும் விடாதே.

வேறு ஒன்றும் இல்லை. துஆ செய்கிறேன்.

ஃபஸீலா

---

பூந்தமல்லி
28.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று இவர் உனக்குப் போனில் சொன்னார். உனக்கு மனசு ஆறியிருக்கும். இப்போதுதான் எனக்கு உட்கார்ந்து எழுதக் கை ஒழிந்தது.

பதினைந்தாம் தேதி காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். தியேட்டர் வாசல் வரை ஜாகிர் தூக்கிக்கொண்டு போனார். பச்சைத் துணி போட்ட நர்சம்மா கை நீட்டியதும் ஜமீலா சிரித்துக்கொண்டே அவரிடம் தாவினாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். இவரோடு சீட் கவர் வெட்டுகிற கோகுல்நாத் ரத்தம் கொடுக்க வந்திருந்தார். இவருடைய அண்ணனும் அண்ணியும், மாமி, மாமியின் தங்கை எல்லோரும் வராந்தாவில் இருந்தோம். நாலு மணி நேரம்.

மூன்றாவது மணி நேரத்தில் அண்ணி கேட்டாள், எப்படி ஆச்சு, யாருமே கவனிக்கலையா என்று. ஜாகிர் அதுவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"உங்கக்கா கையெய்த்துலயே நார்மல்னு கீது. நல்லா இருந்த கொயந்தய நீ தான் கட்டிப் போட்டு இந்த மாரி பண்ட்ட."

கத்தவில்லை அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். அத்தனை பேரும் கேட்டார்கள். நான் "ஆமா" என்றேன். என்ன மறுக்க? தாளில் இருக்கிறதே.

பிறகு ஜமீலாவை வெளியே கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து இடது கால் பாதம் வரை, வலது கால் முட்டி வரை ஒரே கட்டு. இரண்டு காலும் அகண்டு நிற்க நடுவில் ஒரு கட்டை. இடுப்பெலும்பை வெட்டிச் சாய்த்த இடத்தில் இரண்டு கம்பி இருக்கிறதாம். கண் திறந்ததும் தண்ணி என்றாள். அதற்கப்புறம் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, "அம்மா, இத எடு" என்றாள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை இதைத்தான் சொல்கிறாள்.

ஆட்டோவுக்குள் கால் நுழையவில்லை, வேன் வைத்துத்தான் கூட்டிவந்தோம். மாமி நீ எழுதியபடி டயப்பரை உள்ளே செருகக் கற்றுக்கொண்டார். நான் செருகினால் ஈரம் கசிகிறது, அவர் செருகினால் கசிவதில்லை. ஜன்னல் பக்கம் தலையணை அடுக்கிக் குப்புறப் படுக்க வைத்தால் பஸ்ஸை எண்ணுகிறாள். இரண்டுக்கு அப்புறம் எல்லாமே அவளுக்குப் பத்துதான்.

ஒன்று நேர்ந்துகொண்டேன். அவள் நடக்கும் வரை நான் நாற்காலியிலோ கட்டிலிலோ உட்காருவதில்லை என்று. பைத்தியக்காரத்தனம் என்று நீ திட்டுவாய். என் கையால் கெட்டதற்கு நான் வேறு என்ன செய்ய?

உன் டார்ச் உபயோகமாக இருக்கிறது.

ரூஹி

---

நிஸ்வா
16.05.2025

ரூஹிக்கு,

ஸலாம். உன் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். ஜனவரியிலிருந்து நீ ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். இப்போது பதில் எழுதுகிறேன். சரியாக இல்லை. நான் பார்த்தபோதே சரியாக இல்லை.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், அக்டோபர் பதினொன்று. மணவாளன் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். நீ குளிக்கப் போயிருந்தாய். அவர் குழந்தையின் காலை மடக்கி வெளிப்பக்கம் விரித்தார். இடது காலில் நிறுத்தி, மறுபடி விரித்தார். "ஃபஸீலா, உங்க தங்கச்சி கொழந்தைதானே? லெஃப்ட் ஹிப் லூசா இருக்கு. டிஸ்சார்ஜ்ல எழுதிடுங்க. ஆறு வாரத்துல ஸ்கேன் பாத்துடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் போனதும் நானும் விரித்துப் பார்த்தேன். எலும்பு நழுவி உள்ளே விழுவது விரலுக்குத் தெரிந்தது. இன்னும் தெரிகிறது.

மறுநாள் உன் தாளை நிரப்பியது நான். பதினைந்தாம் தேதி எனக்கு விமானம். மூன்று வருஷம் அலைந்து கிடைத்த விசா. என் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நீ அழுதுகொண்டிருந்தாய். இதையும் எழுதினால் ஆறு வாரம் மட்டும் இருந்துவிட்டுப் போ அக்கா என்று கேட்பாய். நீ கேட்டால் என்னால் போக முடியாது. போகாவிட்டால் அந்த வேலை போய்விடும். ஆறு வாரம் கழித்துப் போனில் சொல்லிக்கொள்ளலாம், இப்போது எதற்குப் பச்சை உடம்புக்காரியைப் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டிக் போட்டேன். பத்துத் தாள் அடுக்கில் அதையும் வைத்துக் கொடுத்தேன். என்னை நம்பி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. நவம்பர் இருபதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன். நீ குழந்தையைக் காட்டினாய், சிரித்தாள். இந்த மாதிரி லூசாக இருக்கும் இடுப்பு பலருக்குத் தானாகவே இறுகிவிடும். அது உண்மை. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். அடுத்த மாதம் சொல்வதென்றால் ஏன் முன்பே சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கடுத்த மாதம் இன்னும் கஷ்டம். நீ துணியில் சுற்றிக் காட்டினாயே ஒரு வெள்ளிக்கிழமை, பொம்மை மாதிரி இருக்கா பார் என்று. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. லூசான இடுப்பை நீட்டிச் சுற்றக்கூடாது. நான் சொல்லியிருந்தால் நீ சுற்றியிருக்க மாட்டாய். ஆகவே அதுவும் என்னுடையது.

இங்கே முதலில் என்னைப் பிறந்த குழந்தைகள் வார்டில் போட்டார்கள். ஐந்து மாதத்தில் முதுகுவலி என்று சொல்லி டயாலிசிஸ் வார்டுக்கு மாற்றிக்கொண்டேன். எனக்கு முதுகுவலியே கிடையாது.

மார்ச்சில் லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். நான் கேட்கவே இல்லை. தாளில் என் டிக்கை நீ பார்த்தாய் என்று தெரிந்த பிறகும் டயப்பர் பற்றி எழுதினேன். உன்னை அத்தனை பேர் நடுவில் நிறுத்தியது ஜாகிர் தம்பி இல்லை, நான்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. நாற்காலியில் உட்கார் ரூஹி. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஃபஸீலா

---

நிஸ்வா
22.06.2025

ரூஹிக்கு,

ஸலாம். நான் மே மாதம் எழுதியது கிடைத்திருக்கும். நாலு வெள்ளிக்கிழமையாக வீடியோவில் நீ வரவில்லை. ரூஹி சமையலறையில் இருக்கிறாள் என்று தம்பி சொல்கிறார், ரூஹி குளிக்கிறாள் என்று மாமி சொல்கிறார். இருவரும் என்னிடம் எப்போதும் போலவே பேசுகிறார்கள். அதனால் நீ காட்டவில்லை என்று தெரிகிறது. போன வாரம் குட்டியைக் காட்டும்போது போனைப் பிடித்திருந்தது உன் கை. வளையல் தெரிந்தது.

பதில் எழுது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. முதல் கட்டை மே கடைசியில் மாற்றியிருப்பார்கள். புண் எதுவும் இல்லாமல் இருந்ததா என்று ஒரு வரி மட்டும்.

ஃபஸீலா

---

பூந்தமல்லி
13.07.2025

ஃபஸீலா அக்காவுக்கு,

ஸலாம் சொல்லாமல் இருப்பது பாவம் என்பதால் சொல்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவதில்லை.

புண் இல்லை. மே இருபத்தேழாம் தேதி மயக்கம் கொடுத்து முதல் கட்டை வெட்டிவிட்டு அடுத்ததைப் போட்டார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. கதவருகே நின்று படித்தேன். ஜமீலா எதற்கோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், எனக்குக் காது கேட்கவில்லை. படித்து முடித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. அப்படியானால் நான் இல்லை என்று ஒரு சந்தோஷம் வந்தது. அது ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தை எக்ஸ்ரே உறைக்குள் வைத்தேன். அன்று மாலையே இவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என் பெயர் சுத்தமாகியிருக்கும். உன்னைக் காப்பாற்ற மறைத்தேன் என்று நினைக்காதே. என் அக்கா இப்படிச் செய்தாள் என்று என் வாயால் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

எட்டாம் தேதி இரண்டாவது கட்டையும் எடுத்துவிட்டார்கள். மிஷின் சத்தத்துக்கு அலறினாள். கட்டு இரண்டாகப் பிளந்ததும் உள்ளே கால். தோல் உரிந்து, செதில் செதிலாக, என் மணிக்கட்டு அளவுக்கு மெலிந்து போயிருந்தது. ஜமீலா அதைப் பார்த்துவிட்டு, "இது யார் காலு?" என்று கேட்டாள். உன் காலுதாண்டா என்றேன். நம்பவில்லை. பழைய கட்டையே போடச் சொல்லி அழுதாள். மூன்று மாதமாக எடு எடு என்ற குழந்தை. வெந்நீரில் துணி நனைத்து அந்தக் காலைத் துடைத்தபோது உன்னை நினைத்தேன் அக்கா. நல்லபடியாக நினைக்கவில்லை.

படம் எடுத்துப் பார்த்தார்கள். பந்து உள்ளே இருக்கிறது. பந்துக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு வருஷம் பார்க்க வேண்டுமாம். வளர்ந்து முடிக்கும் வரை வருஷா வருஷம் காட்ட வேண்டுமாம்.

ஒன்று கேட்கிறேன். என்னைக் குற்றம் சொன்னது தனியாக இல்லை, அத்தனை பேர் முன்னால். அதனால் உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டமாட்டேன். நீயே சொல். வெள்ளிக்கிழமை, எல்லோரும் இருக்கும்போது, உன் வாயால், முகத்தைக் காட்டிச் சொல். அதுவரைக்கும் எனக்கு எழுதாதே.

நான் இப்போது நாற்காலியில் உட்காருகிறேன்.

ரூஹி

---

நிஸ்வா
03.08.2025

ரூஹிக்கு,

ஸலாம். நேற்று முன்தினம் சொல்லிவிட்டேன். நீ அறையில் இருந்தாயா என்று எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

தம்பியிடம், அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட முடியுமா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். எனக்குக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு மாமி சிரித்தார். அவர்கள் வந்ததும் ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னதை, நான் டிக் போட்டதை, ஏன் போட்டேன் என்பதை. நடுவில் இரண்டு தடவை சிக்னல் போய், சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு மாமி ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது ரூஹிக்குத் தெரியுமா?"

மே மாதமே எழுதிவிட்டேன் என்றேன். மாமி திரும்பி உள்பக்கம் பார்த்தார். தம்பியின் முகத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. போனைத் தாழ்த்திவிட்டார், தரைதான் தெரிந்தது. "வைங்க" என்றார். நான் வைப்பதற்குள் அவரே வைத்துவிட்டார்.

மணவாளன் டாக்டருக்கும் எழுதியிருக்கிறேன். இங்கே என் மேலதிகாரியிடமும் சொன்னேன். நான் என்ன எதிர்பார்த்தேனோ தெரியாது. அவர் கேட்டுவிட்டு, பிறந்த குழந்தைகள் வார்டுக்குத் திரும்பிப் போகிறாயா என்றார். போகிறேன் என்றேன். நேற்று ஏழு குழந்தைகளின் இடுப்பை விரித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எட்டாவதாக ஒரு தாயிடம் நாளைக்கு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி, தாளிலும் எழுதினேன்.

இந்தத் தடவை உண்மையாகவே லீவு கேட்டு வாங்கியிருக்கிறேன். செப்டம்பர் பதினான்கிலிருந்து முப்பது நாள். வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். வீட்டில் தங்க முடியாதென்றால் அயனம்பாக்கத்தில் என்னோடு படித்த எழிலரசி இருக்கிறாள், அங்கே தங்கிக்கொள்வேன். வரவே வேண்டாம் என்றாலும் எழுது. டிக்கெட்டை மாற்றிவிடுவேன்.

ஃபஸீலா

---

பூந்தமல்லி
24.08.2025

அக்காவுக்கு,

ஸலாம். இங்கே எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை. அங்கே வெயில் நாற்பத்தைந்து என்று டிவியில் சொன்னார்கள், வெளியே போகும்போது தண்ணீர் எடுத்துக்கொண்டு போ.

அன்று நான் சமையலறையில் இருந்தேன். எல்லாம் கேட்டேன். சிக்னல் போய் நீ இரண்டாம் தடவை சொன்னதையும் கேட்டேன்.

அண்ணி முதலில் எழுந்து போனாள். மாமி வந்து என் பக்கத்தில் நின்று, நான் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை வாங்கி அவரே நறுக்கினார். "ரெண்டு மாசமா எப்டி வாய மூடிகினு இருந்த?" என்று கேட்டார். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன். மறுநாள் சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் மதியம்தான் வந்தார். எங்கெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னாரோ அந்த வீடுகளுக்கெல்லாம் போயிருக்கிறார். ஒரு வீட்டில் ஆள் இல்லையாம், சாயங்காலம் மறுபடி போனார்.

ஜாகிர் மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாவது நாள் லீவு போட்டுவிட்டு ஜமீலாவுக்கு எண்ணெய் தடவிக் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அப்படியே, தலையைத் தூக்காமல், "அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் பேசுனது..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை விடுங்க என்றிருப்பேன். அன்று விடவில்லை. "முடிங்க" என்றேன். முடித்தார். தப்பு என்ற வார்த்தையைச் சொல்லி முடித்தார். உன் மேல் அவருக்குக் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் தீரவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று இரண்டு தடவை பேனாவை வைத்துப் பார்த்தேன். வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் அந்தத் தாளில் போட்ட டிக் மாதிரிதான். உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

எழிலரசி வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம். இங்கே வா. நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன். ஜாகிர் வருவார், வழியில் பேசமாட்டார், நீயும் பேச்சுக் கொடுக்காதே. மாமி சாப்பிடச் சொல்வார், சாப்பிடு.

ஜமீலா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாக்கரைத் தொடமாட்டேன் என்கிறாள். பிஸியோதெரபி அம்மா ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அவள் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஆறடி தள்ளி உட்கார்ந்து கையை நீட்டிக் கூப்பிட வேண்டும். அவளாகக் காலை எடுத்து வைக்கும்போது பின்னால் இருப்பவர் கையை எடுத்துவிட வேண்டும். மாமிக்குத் தரையில் உட்கார முடியவில்லை. ஜாகிர் கூப்பிட்டால் அவர் தூக்கிவிடுவார் என்று இவள் நின்ற இடத்திலேயே கையைத் தூக்குகிறாள்.

இடுப்பை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ எதிரில் உட்கார்ந்து கூப்பிடு. நடுவில் விழுவாள், அழுவாள், உன்னைப் பார்த்துக் கையை நீட்டுவாள். எழுந்து வராதே. அவள் வந்து சேரும் வரை அங்கேயே இரு.

ரூஹி